சுகமாக இருந்தவருக்குச் சுகம் கிடைத்த கதை

"கடவுள் இல்லன்னு நாளைக்குக் காலையில உறுதியா தெரிஞ்சுபோச்சுன்னு வையி. உன் வாழ்க்கையில என்ன மாறும், தனுஜா?"

ரொட்டிக்கடையில் லோகேஸ்வரன் அண்ணன் இதைக் கேட்டபோது என் வாயில் பாதி ரொட்டி சானாய் இருந்தது. அதனால்தான் பதில் வரவில்லை என்று நினைத்தேன். விழுங்கிய பிறகும் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடத் தூங்குவேன்" என்றேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவரோ அதை ஒரு நியாயமான பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஒரு விசுவாசி. சின்ன வயதிலிருந்து கிறிஸ்தவச் சபைக்குப் போகிறேன். என் விசுவாசத்தின் மொத்தப் பலனும் தூக்கம் கெடுவதுதானா?

பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று தெரியாமல், பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் நான் நடந்துகொண்டே இருக்கிறேன். "ஒரு இடத்துல உக்காரு, தரை தேயுது" என்கிறார் அம்மா. உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. இதற்கு என்னைவிட நல்ல பதில் வைத்திருப்பவர் என் சித்தி குமுதா. அதனால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. என் அறையில்தான் படுப்பார். சிம்பாங் அம்பாட்டில் உறைந்த இறாலும் உருளைக்கிழங்கும் அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். உள்ளே மூக்கு உறைந்துபோகும் குளிர். அதற்காகத் தடித்த ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியும் கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வரலாம். சித்தி கழற்ற மாட்டார். "கழட்டினா எங்கயாவது மறந்து வச்சிடுவேன்" என்பார். பினாங்கு வெயிலில், பனிமலையிலிருந்து இறங்கி வந்தவர்போல, மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வருவார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காடியில் இருக்கும் பிள்ளைகள் கண்ணாடியை இறக்கிப் பார்க்கும். சித்தி கையசைப்பார்.

எங்கள் குடும்பம் பாகான் டாலாமில் இருந்த காலத்தில் கோயிலுக்குப் போகிற குடும்பம். முதலில் சபைக்குப் போனது சித்திதான், அதுவும் பேட்மிண்டன் ஆட. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு நல்ல ஆட்டக்களம் இருந்தது. ஜெபம் முடிந்தால்தான் அதன் கதவைத் திறப்பார்கள். "ஷட்டல்காக்குக்காகத்தான் போனேன்" என்று சித்தி யாரிடமும் கூசாமல் சொல்வார். "பிரசங்கம் நடக்கறப்போ மனசுக்குள்ள சர்வீஸ் போட்டுக்கிட்டிருப்பேன்."

விசுவாசம் வந்தது பாலத்தின்மேல்தான். தாத்தா இறந்த மாதம் அது. சித்தி அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையும் மூடிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டாரின் சங்கிலி அறுந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. மோட்டார் தடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே சித்தி கடவுளைத் திட்ட ஆரம்பித்தார். என்னென்ன திட்டினார் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுத முடியாது, அம்மா படிப்பார்.

"பாதிப் பாலத்துல நின்னுட்டேன்" என்பார் சித்தி. "நான் காத்தைத் திட்டல. யாரையோ திட்டிக்கிட்டிருக்கேன். காத்தைத் திட்டினா தொண்டைதான் வலிக்கும். எதிர்ல ஒரு ஆளு இருந்து, அவரு காது கொடுத்துக் கேட்டாத்தான் திட்டித் தீர்த்தப்புறம் மனசு லேசாகும். எனக்கு லேசாச்சு."

சபையில் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், அதற்குப் பிறகு ஒரு லாரி வந்து நின்று உதவியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். "ஒரு லாரியும் வரல" என்பார் சித்தி. "கடைசி வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே தள்ளினேன். ஆனா தனியா தள்ளல."

அன்றிலிருந்து ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கடவுளிடம் பேசிக்கொண்டுதான் ஓட்டுகிறார். பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். பாதி ஜெபம், பாதி முன்னால் போகும் வண்டியைத் திட்டுவது. இரண்டையும் பிரித்தெடுப்பது கஷ்டம்.

இனி, அந்தக் கேள்வியைக் கேட்ட லோகேஸ்வரன் அண்ணன். அதே கிடங்கில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நெற்றிக்கு நேராகப் பிடித்தால் வெப்பம் காட்டும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி எப்போதும் இடுப்பில் இருக்கும். கோப்பியைக்கூட அதனால் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பள்ளியில் படிக்கும்போதே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், கடவுள் இல்லை என்று தானாக முடிவு செய்துகொண்டவர். வம்பு பேச மாட்டார், யார் சாமியையும் கேலி செய்ய மாட்டார். நம்பவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, அவருக்குப் பொய் வராது. "சாப்பாடு எப்படி இருக்கு தம்பி?" என்று அம்மா ஆசையாகக் கேட்டபோது, "உப்பு பத்தலக்கா" என்றார். அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு ருசி பார்த்தார். உப்புப் பத்தவில்லைதான்.

இவர்கள் இருவரும் எப்படிக் காதலித்தார்கள் என்பது கிடங்கில் எல்லாருக்கும் புதிர். எங்கள் வீட்டு மேசையில் அவர்கள் சண்டை போடுவதைக் கேட்ட எனக்குப் புதிர் இல்லை.

"பாலத்துல உனக்கு ஆறுதல் கிடைச்சுது, ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன் ஒருநாள். "ஆறுதல் வேற, ஆதாரம் வேற."

"சரி லா. நான் உன்னைக் காதலிக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் காட்டு."

அண்ணன் உண்மையிலேயே யோசித்தார். "கேன்டீன்ல எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிட்டு வர்ற. என் பொட்டலத்துல மட்டும் முழு முட்டை இருக்கும். மத்தவங்களுக்குப் பாதி."

"ஒரு தடவை கடைக்காரர் தவறிப்போய் வச்சிருக்கலாமே."

"ஒரு தடவை இல்ல. தொடர்ந்து நடக்குது. நீ லீவு போட்ட அன்னைக்கு எனக்கும் பாதிதான்."

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் சித்தி. "எனக்கும் முழு முட்டை வந்துகிட்டே இருக்கு, லோகேஸ். நான் வாங்கல, கேட்கல. யாரோ வச்சு அனுப்பறாங்க. நீ ஒருத்தரைப் பார்க்காமலே முட்டையை வச்சு ஆளைக் கண்டுபிடிச்ச. நான் கண்டுபிடிச்சா மட்டும் ஆதாரம் பத்தலங்கற."

"நான் உன்னைப் பார்த்திருக்கேனே."

"ஜாக்கெட்டுல என் கண்ணு மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே காதலிச்சுட்டேன்னு நீதானே சொன்ன?"

அண்ணன் தேநீரைக் குடித்தார். வெப்பம் பார்க்க மறந்துவிட்டார். அதை நான் கவனித்தேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. சித்திக்கு ஒரே ஆசை: தன் சபையில், தேவன் முன்பாக வாக்குறுதி சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். "ஜெபம் பண்ணு, பாடு, ஸ்பீக்கர்கூட வாங்கித் தர்றேன்" என்றார் அண்ணன். "ஆனா நான் அங்க நின்னு 'தேவன் முன்பாக'ன்னு சொன்னா அது பொய். சொல்ல மாட்டேன்."

"அவருதான் இல்லங்கறியே. இல்லாதவர் முன்னால பொய் சொன்னா யாருக்கு நஷ்டம்? யாருக்குப் பயப்படற?"

"உனக்குத்தான். முதல் நாளே உன்கிட்ட பொய் சொல்லி ஆரம்பிக்கணுமா?"

சபைப் போதகர் செல்வின் ஐயாவும், ஒரே விசுவாசம் இல்லாத இருவருக்குச் சபை முறைப்படி வாக்குறுதி வாசிக்கத் தன்னால் முடியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை சித்தி ஜாக்கெட்டோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"விட்டுடு சித்தி, ஒன்னு அவரை, இல்ல சபையை" என்றேன். நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு.

"லோகேஸை விட்டா அழுவேன். கடவுளை விட்டாலும் அழுவேன்" என்றார். "ஆனா லோகேஸை விட்டா கடவுள்கிட்ட போய் அழலாம். கடவுளை விட்டா யார்கிட்ட போய் அழறது?"

சித்தி என் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரையும் விடாம ஒரு வழி இருக்கான்னு கேட்டுப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் வேலைக்குள் நுழைவதற்கு முன் சித்தி சபையின் வாட்சாப் குழுவில் ஒரு ஜெபக் குறிப்பு போட்டார்: "சகோதரர் லோகேஸ்வரனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். நம்பாத ஒருவரைக் காதலிக்கிறேன் என்று எழுத வெட்கம், அதனால் காரணத்தை எழுதவில்லை. போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கிடங்குக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள்.

எங்கள் சபையில் எல்லாரும் காரணத்தோடுதான் ஜெபக் குறிப்பு போடுவார்கள். முட்டி வலி, மகனுக்குப் பரீட்சை, காணாமல்போன பூனை என்று எல்லாம் எழுதுவார்கள். காரணம் எழுதாவிட்டால் ஒரே அர்த்தம்தான்: எழுத முடியாத அளவுக்கு மோசம். ஜெபக் குழுத் தலைவி வடிவம்மாள் ஆன்ட்டி உடனே அழும் முகங்களாக ஒரு வரிசை அனுப்பினார். யார் இந்த லோகேஸ்வரன் என்று ஒருவர் கேட்டார். குமுதாவோடு குளிர்கிடங்கில் வேலை செய்கிறவர் என்று ஒருவர் சொன்னார். குளிர் என்றதும் நுரையீரல் என்று ஒருவர் சொன்னார். ஒரு நுரையீரலா இரண்டுமா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டும் என்று ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் அவருக்குச் செயற்கை சுவாசம் பொருத்தியிருந்தார்கள்.

நானும் படித்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நானும் நம்பினேன். அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அம்மா ரசம் வைக்க ஆரம்பித்தார்.

வடிவம்மாள் ஆன்ட்டி தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் செய்தார். எங்கும் அந்தப் பெயரில் ஆள் இல்லை. ஆகவே ஆன்ட்டி ஒரு முடிவுக்கு வந்தார்: "கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." சபை வேன் கிளம்பியது. அண்ணனின் முகவரி அம்மாவுக்குத் தெரியும், ஒருமுறை கறி கொடுத்தனுப்பியிருக்கிறார். அம்மா மடியில் ரசத்தோடு முன்னால் உட்கார, நான் நோயாளிக்கு வாங்கிய மைலோ டின்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

சிம்பாங் அம்பாட்டில் அண்ணன் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். கூட இருப்பவர் கமாலுதீன் என்று அதே கிடங்கின் லாரி ஓட்டுநர். கதவைத் திறந்த கமாலுதீன் அண்ணன், வேதாகமமும் மைலோவும் ரசமும் ஏந்திய பெண்களைப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்க்கா?" என்றார்.

"தம்பி, லோகேஸ்வரன்..." வடிவம்மாள் ஆன்ட்டிக்கு அதற்குமேல் வரவில்லை.

"உள்ள படுத்திருக்காரு."

"வலி இல்லாம இருக்காரா?"

"நல்லா குறட்டை விடறாருக்கா. நேத்து நைட் ஷிப்ட்."

ஆன்ட்டிக்குக் குறட்டை என்ற பகுதி மட்டும் போதுமாக இருந்தது. "மூச்சு இழுக்குது" என்று பின்னால் திரும்பிச் சொன்னார். எல்லாரும் வாசலிலேயே ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் சபை ஜெபம் மெதுவாக இருக்காது. எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. கமாலுதீன் அண்ணன் மரியாதையாக ஒதுங்கி, எல்லாருடைய செருப்பையும் வரிசையாக வைக்க ஆரம்பித்தார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்.

அப்போது உள்ளேயிருந்து கைலியும் பனியனுமாக, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, லோகேஸ்வரன் அண்ணன் நடந்து வந்தார்.

"எழுந்துட்டாரு" என்றார் ஒருவர். "நடக்கறாரு" என்றார் இன்னொருவர். வடிவம்மாள் ஆன்ட்டி முழங்காலில் விழுந்தார்.

அண்ணன் நுரையைத் துப்பிவிட்டு வந்து, "எனக்கு ஒன்னும் இல்ல" என்றார்.

"ஆமென். ஒன்னும் இல்ல" என்றார்கள் எல்லாரும்.

"இல்லக்கா, எனக்கு நோயே இல்ல."

"ஆமென். நோயே இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைலோ டின்னுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் எடுத்தார். உள்ளே போய் அந்த வெப்பக் கருவியைக் கொண்டுவந்து தன் நெற்றிக்கு நேராகப் பிடித்து ஆன்ட்டியிடம் காட்டினார். "பாருங்க. காய்ச்சல் இல்ல."

"அல்லேலூயா, காய்ச்சல் விட்டுப்போச்சு" என்றார் ஆன்ட்டி.

சித்தி வந்து சேர்ந்தபோது அம்மா அண்ணனுக்கு ரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தவர், ஃபோர்க்லிப்ட் சாவியைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் ஓடி வந்திருக்கிறார். வாசலில், தொப்பியோடு, மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இவருக்கு நோய் இல்ல. கடவுள் நம்பிக்கைதான் இல்ல. நான் இவரைக் கட்டிக்கணும்னு நினைக்கிறேன். அதுக்குத்தான் ஜெபக் குறிப்பு போட்டேன். காரணம் எழுத வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவம்மாள் ஆன்ட்டி மட்டும், "அப்போ நுரையீரல் ரெண்டும் நல்லா இருக்கு?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "கொண்டு வந்த சாமானைத் திருப்பி எடுத்துட்டுப் போறது நல்லா இருக்காது, தம்பி. வச்சுக்குங்க" என்றார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குழுவில் எல்லாரும் கடைசிச் செய்தி வரைக்கும் படிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் இந்த அற்புதத்தைச் சொல்லப் பலர் தயாராகிறார்கள் என்று சித்தி அண்ணனிடம் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "என் பேர்ல ஒரு பொய் நிக்கக்கூடாது" என்றார். ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சித்தி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போதகர் ஐயா ஏற்கெனவே முடியாது என்று சொன்ன கல்யாணம். இப்போது இவர் சபை நடுவில் எழுந்து அற்புதம் இல்லை, கடவுளும் இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஒரு கதவும் திறக்காது. "ஆண்டவரே, இவன் வாயைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று என் பக்கத்தில் முணுமுணுத்தார்.

பேட்மிண்டன் குழுவில் இருக்கும் கிஷன்தான் முதலில் எழுந்து நுரையீரல் அற்புதத்தைச் சொன்னான். கைதட்டல் முடிவதற்குள் அண்ணன் எழுந்தார். போதகர் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

"என் பேரு லோகேஸ்வரன்" என்றார். "எனக்கு நுரையீரல்ல நோய் வரவே இல்ல. அதனால குணமாகவும் இல்ல. எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

சித்தி கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் உட்காரவில்லை. ஒலிவாங்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இன்னொன்னும் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நிஜமா டெங்கி வந்து படுத்திருந்தேன். என் சொந்தக்காரங்க போன் பண்ணாங்க, அவ்வளவுதான். இந்த வாரம் எனக்கு ஒன்னுமே இல்ல. முன்னப்பின்ன தெரியாதவங்க என் வாசல்ல வந்து அழுதாங்க. அன்னையிலேர்ந்து யாருக்காவது நன்றி சொல்லணும்போலவே இருக்கு. உங்க எல்லாருக்கும் நன்றி. இப்போ சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு இது தெரியல, அதையும் மறைக்கக்கூடாதுன்னு சொல்றேன்."

அவர் ஒலிவாங்கியைப் போதகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு வடிவம்மாள் ஆன்ட்டி, மிகச் சின்னக் குரலில், "ஆமென்" என்றார். அண்ணன் இந்த முறை மறுக்கவில்லை.

ரொட்டிக்கடையில் அவர் கேட்ட கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கடவுள் இல்லையென்றால் பொழுது விடியும், வெயில் அடிக்கும், சாப்பாடு ருசிக்கும், என் தூக்கமும் கூடும். ஆனால் அந்த மிச்சத்தைக் கொடுக்க இடம் இருக்காது. மிச்சம் இருப்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், தினமும் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் இப்படி ஒன்றை மனிதருக்குள் யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். இதை அளந்து காட்ட என்னிடம் கருவி இல்லை. அண்ணனிடமும் இல்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

ஆராதனை முடிந்து மீஹூன் சாப்பிடும்போது போதகர் ஐயா தட்டோடு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாக்குறுதி வாசிக்க முடியாதுன்னு சொன்னேன், இப்பவும் முடியாது. நீங்க பொய் சொல்லணும், நான் அதைக் கேட்கணும். ரெண்டு பேருக்கும் அது நல்லதில்ல" என்றார். "பதிவு அலுவலகத்துல கையெழுத்துப் போட்டுட்டு இங்க வாங்க. உங்களுக்காக ஜெபம் பண்றேன். அப்போ அவரவர் மனசுல இருக்கறதை அவரவர் சொல்லுங்க."

சித்தி ஆசைப்பட்டது இது இல்லை. ஒரு வாரம் பாலத்தில் போகும்போதும் வரும்போதும் ஹெல்மெட்டுக்குள் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் என்னிடம் சொன்னார்: "லோகேஸ் ஒரு பொய் சொல்லியிருந்தா நான் கேட்ட மாதிரியே கல்யாணம் நடந்திருக்கும். பொய் சொல்லாத ஆளுங்கறதாலதானே அவன் எனக்கு வேணும். ரெண்டையும் கேட்டா ஆண்டவர் என்னதான் பண்ணுவாரு, பாவம்."

கல்யாணம் நடந்தது. சபை மண்டபத்தில் சித்தி, ஜாக்கெட் இல்லாமல், "தேவன் முன்பாக" என்று ஆரம்பித்துத் தன் வாக்குறுதியைச் சொன்னார். அண்ணன், "இங்க இருக்கற எல்லார் முன்னாலயும்" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் நிறுத்தி, யோசித்து, "எனக்குத் தெரியாதவங்க யாராவது இருந்தா அவங்க முன்னாலயும்" என்று சேர்த்துக்கொண்டார். போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது. சித்தி சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த பூ நழுவியது. ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அண்ணன் ஒருவர்தான், அவர் மூடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தவிர.

அவர் இன்னும் நம்பவில்லை. சித்தி இன்னும் விடவில்லை. நான் இப்போது அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறேன். சாப்பிடுவதற்கு முன் சித்தி சத்தமாக ஜெபம் செய்வார், சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஜெபம் நீண்டால், "குமுதா, கறி ஆறுது, அவருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்பார்.

உங்கள் வீட்டு மேசையிலும் நம்புகிற ஒருவரும் நம்பாத ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து இருக்கும்போது சொல்லுங்கள்.